தரையில் யார் இருக்கிறார்கள்?

பாராசூட் படையில் சேரத் தயாராகும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே,

விடியுமுன் மைதானத்துக்கு வந்து 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை முடிக்கிறீர்கள். மூச்சு அடங்குவதற்குள் செல்பேசியில் உக்ரைன் வீடியோ ஓடத் தொடங்கிவிடுகிறது. கூடவே சண்டையும். "ட்ரோன் வந்தாச்சு, இனிமே பிளேன்ல இருந்து குதிக்கிறவன் தரைக்கே வந்து சேரமாட்டான்" என்கிறார் ஒருவர். "பாரா பாராதான்டா" என்கிறார் இன்னொருவர். அதற்கு மேல் வாதம் நகர்வதில்லை.

மெரூன் தொப்பிக்காக வாழ்க்கையின் சில ஆண்டுகளைப் பணயம் வைக்கப் போகிறவர்கள் நீங்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாராசூட் தாக்குதலின் தலையெழுத்து வானத்தில் எழுதப்படுவதில்லை. இறங்குகிற இடத்தில் யார் காத்திருக்கிறார்கள், தரைவழியாக நம் படை எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்ற இரண்டு கேள்விகளுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. ட்ரோன் வருவதற்கு முன்பும் அப்படித்தான். வந்தபின் தவறுக்கு இருந்த கொஞ்சநஞ்ச இடமும் சுருங்கிவிட்டது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் விமானப்படையின் சி-17 விமானம் ஒரே பயணத்தில் 102 பாரா வீரர்களைக் குதிக்கவிடும். இரண்டு பக்கக் கதவுகள், கதவுக்கு 51 பேர். ஒருவர் பின் ஒருவராக நொடிக்கு ஒருவர் வெளியேறுகிறார் என்று வையுங்கள். அப்போது விமானம் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதாவது நொடிக்கு 67 மீட்டர். முதல் ஆள் விழுகிற இடத்துக்கும் கடைசி ஆள் விழுகிற இடத்துக்கும் நடுவே மூன்று கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி. காற்று அடித்தால் இன்னும் அதிகம். அந்த ஒரு நிமிடம் முழுக்க விமானி விமானத்தை ஆட்டாமல், திருப்பாமல், 800 அடி உயரத்தில் நேர்கோட்டில் ஓட்டியாக வேண்டும். தோளில் வைத்துச் சுடும் ஸ்டிங்கர், இக்லா ஏவுகணைகள் பத்தாயிரம் அடிக்கு மேலும் எட்டும். 800 அடி அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை.

குதித்தவர் முக்கால் நிமிடம் போலத் தொங்குவார். இறங்கியதும் பாராசூட்டைக் கழற்ற வேண்டும், ஆயுதப் பையை அவிழ்க்க வேண்டும், தன் செக்ஷன் எங்கே என்று தேட வேண்டும். இருட்டாக இருந்தால் இது ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரம்தான் எதிரிக்குக் கிடைக்கும் பரிசு. பக்கத்தில் எதிரி இருந்தால் பயன்படுத்திக்கொள்வான். இல்லையென்றால் பரிசு வீண்.

நம் துணைக்கண்டத்திலேயே, ஆறே ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு குதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

1965 செப்டம்பர் 6-ஆம் தேதி இரவு, பாகிஸ்தான் தன் எஸ்.எஸ்.ஜி. கமாண்டோக்கள் சுமார் 180 பேரை மூன்று குழுக்களாக பதான்கோட், ஆதம்பூர், ஹல்வாரா விமானதளங்களுக்கு அருகே இறக்கியது. உள்ளே புகுந்து நம் விமானங்களை நொறுக்குவது திட்டம். ஆட்களில் குறை சொல்ல முடியாது, பொறுக்கி எடுத்த வீரர்கள். ஆனால் இருட்டில் வயல்வெளி முழுக்கச் சிதறினார்கள். விடிந்ததும் பஞ்சாப் கிராமத்து மக்கள் போலீஸோடும் ராணுவத்தோடும் சேர்ந்து, கையில் கிடைத்த தடியும் கம்புமாகத் தேடக் கிளம்பிவிட்டார்கள். பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள், சிலர் செத்தார்கள், எல்லைக்கு அருகே இறங்கிய கொஞ்சம் பேர் தப்பித்துத் திரும்பினார்கள். அவர்களை மீட்கவோ அவர்களோடு சேரவோ தரைப்படை எதுவும் வருவதாகவே இல்லை. ஒரு விமானத்தைக்கூட அவர்களால் அழிக்க முடியவில்லை.

1971 டிசம்பர் 11 மாலை, கிழக்கு வங்கத்தில் டாங்கெயில். லெப்டினென்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில் நம் 2 பாரா பட்டாலியன் குதித்தது. பீரங்கி, மருத்துவம் எல்லாம் சேர்த்துச் சுமார் 700 பேர். டம்டம்மிலிருந்தும் கலைகுண்டாவிலிருந்தும் கிளம்பிய விமானங்களில் ஏ.என்.-12, பாக்கெட், டகோட்டா, கரிபூ என்று கைக்கு வந்ததெல்லாம் இருந்தது. ஒரு கண்காட்சியே வைத்திருக்கலாம். இலக்கு லோஹாஜங் ஆற்றின் மீதிருந்த பூங்லி பாலம். வடக்கே ஜமால்பூர், மைமன்சிங் பக்கமிருந்து டாக்காவுக்குப் பின்வாங்கும் பாகிஸ்தான் படையை அங்கே மறிக்க வேண்டும். இங்கேயும் ஆட்கள் சிதறினார்கள். பொதிகள் குளத்திலும் சேற்றிலும் விழுந்தன. ஆனால் சுற்றியிருந்த ஊர்மக்கள் ஓடிவந்து பொதிகளைத் தூக்கிக் கொடுத்தார்கள், வழி காட்டினார்கள். அந்த வட்டாரமே காதர் சித்திக்கின் முக்தி வாகினி எனும் வங்க விடுதலைப் போராளிகளின் கையில் இருந்தது. நம் அதிகாரி ஒருவர் முன்னதாகவே உள்ளே போய் அவர்களோடு பேசி வைத்திருந்தார். அன்று இரவே பாலம் கைக்கு வந்தது. விஷயம் தெரியாமல் வடக்கிலிருந்து வந்த பாகிஸ்தான் வாகன அணி வகையாக மாட்டியது. மறுநாள் மாலை, அதாவது சுமார் 24 மணி நேரத்தில், நம் மராத்தா படையினர் தரைவழியே வந்து கைகுலுக்கினார்கள். டிசம்பர் 16 காலை டாக்காவுக்குள் முதலில் நுழைந்தவர்கள் இதே 2 பாராதான்.

இன்னொரு சுவையான சமாச்சாரம் உண்டு. எழுநூறு பேர் குதித்த செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்தாயிரமாகப் பெருத்துவிட்டது. டாக்காவில் ஏற்கெனவே கலங்கிப்போயிருந்த பாகிஸ்தான் படைத் தளபதி ஜெனரல் நியாஸிக்கு அந்த ஐந்தாயிரம் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குதித்தவர்களைவிடக் குதிக்காதவர்கள் செய்த வேலை அதிகம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பதான்கோட்டில் விழுந்தவர்களைவிட டாங்கெயிலில் விழுந்தவர்கள் வீரத்தில் பெரியவர்கள் என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். பயிற்சி கிட்டத்தட்ட ஒன்று, பாராசூட்டும் ஒன்று. மண்ணில் நின்றவர்கள் வேறு.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1941 மே மாதம் கிரீட் தீவில் ஜெர்மானியர்கள் ஆயிரக்கணக்கில் குதித்தார்கள். பெரும்பாலோர் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு மட்டும் குதிக்க, ரைஃபிள்கள் தனிப் பெட்டியில் எங்கோ இறங்கின. பெட்டியைத் தேடி ஓடியவர்களை நியூசிலாந்து வீரர்கள் சுட்டார்கள். கிரீட் குடியானவர்கள் அரிவாளும் வேட்டைத் துப்பாக்கியுமாக வந்தார்கள். தீவு கடைசியில் ஜெர்மனி வசமானது, ஆனால் கொடுத்த விலையைப் பார்த்த ஹிட்லர் அதற்குப் பிறகு அந்த அளவில் ஒரு வான்வழித் தாக்குதலுக்கு அனுமதிக்கவே இல்லை. 1944 செப்டம்பரில் ஆர்ன்ஹெமில் பிரிட்டிஷ் பாரா வீரர்கள் பாலத்தின் ஒரு முனையை நான்கு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். வர வேண்டிய டாங்கிப் படை வந்து சேரவில்லை. உள்ளே போன சுமார் 10,000 பேரில் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் கால்வாசிக்கும் குறைவு.

இனி நமக்கு அருகே நடந்த, நம்மில் பலருக்கு இன்றும் வலிக்கிற ஒன்று. 1987 அக்டோபர் 11-12 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். பாராசூட் இல்லை, எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்கள். கொக்குவிலில் இருந்த விடுதலைப் புலிகளின் தலைமையை ஒரே இரவில் மடக்கிப் பிடிப்பது இந்திய அமைதிப்படையின் திட்டம். 10 பாரா கமாண்டோவும் 13 சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியும் அலை அலையாக இறங்க வேண்டும். வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டிருந்த புலிகள் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் அடிபட்டதும் அடுத்த அலைகள் நின்றுபோயின. சீக்கியப் படைப்பிரிவிலிருந்து இறங்கியிருந்த 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் டாங்கிகள் வந்து மீட்கும்வரை தாக்குப்பிடித்தார்கள். அந்த நடவடிக்கையில் பிரம்படிப் பகுதியின் சாதாரண மக்களும் பலர் கொல்லப்பட்டார்கள். தோல்வியின் கணக்கை எழுதும்போது அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வானத்திலிருந்து வரும் படை எப்போதும் சின்னப் படையாகத்தான் வரும். முதல் அலையில் வந்ததோடு அது சமாளித்தாக வேண்டும். எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் துணிச்சல் எதுவும் காப்பாற்றாது. தொப்பியின் நிறத்துக்கு இதில் வேலை இல்லை.

மறுவருடமே மாலத்தீவு. 1988 நவம்பர் 3. அப்துல்லா லுதுஃபி என்ற மாலத்தீவு வணிகர், இலங்கைத் தமிழ் இயக்கமான பிளாட்டின் ஆட்களைக் கூட்டிவந்து அதிபர் கயூமின் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார். கயூம் இந்தியாவிடம் உதவி கேட்டார். அன்று இரவே ஆக்ராவிலிருந்து 50-வது பாராசூட் பிரிகேடின் வீரர்கள் இல்-76 விமானங்களில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஹுல்ஹுலே விமானநிலையத்தில் இறங்கினார்கள். யாரும் குதிக்கவில்லை. ஓடுபாதை எதிரியின் கையில் இல்லை என்று தெரிந்ததும் விமானத்தை நேராகவே தரையிறக்கி, கதவைத் திறந்து ஓடினார்கள். நல்லவேளை, அந்தத் தீவின் அளவுக்கு, குதித்திருந்தால் பலரைக் கடலில்தான் தேட வேண்டியிருந்திருக்கும். பாரா படை இருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் உள்ள ஆகச் சிறந்த சான்று, பாராசூட்டே விரியாத இந்த இரவு. சில மணி நேரத்தில் மூட்டையைக் கட்டி, தெரியாத ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்த ஆட்கள் நம்மிடம் அன்று இருந்தார்கள்.

சரி, நீங்கள் பார்க்கும் வீடியோக்களுக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 24 காலை, கீவ் நகருக்கு வடமேற்கே ஹோஸ்தோமெல் விமானநிலையம். ரஷ்யாவின் வி.டி.வி. எனும் வான்வழிப் படையினர் சில நூறு பேர் ஹெலிகாப்டர்களில் வந்து இறங்கினார்கள். ஓடுபாதையைப் பிடித்தால் பின்னாலேயே இல்-76 விமானங்களில் பெரும்படை வந்து இறங்கும், கீவ் சில நாளில் விழும். காகிதத்தில் அழகான திட்டம். உக்ரைன் தேசியக் காவல்படையின் சிறிய அணி ஒன்று எதிர்த்து நின்றது. பீரங்கிகள் ஓடுபாதையைக் குதறின. இல்-76 விமானங்கள் இறங்கவே இல்லை. அடுத்த நாள் பெலாரஸ் வழியாக வந்த தரைப்படை விமானநிலையத்தைப் பிடித்ததென்னவோ உண்மை, ஆனால் அதற்குள் அது உபயோகமற்ற மைதானம். உலகின் மிகப் பெரிய சரக்கு விமானமான மிரியாவும் அங்கேயே எரிந்து கிடந்தது. ஒரு மாதம் போல இருந்துவிட்டு ரஷ்யர்கள் போய்விட்டார்கள். உலகிலேயே பெரிய பாராசூட் படையை வைத்திருக்கும் நாடு, இந்தப் போரில் பெரிய அளவில் ஒரு பாராசூட் குதிப்பைக்கூட நடத்தவில்லை. பீரங்கி துளைக்கிற மெல்லிய தகட்டு வண்டிகளோடு அந்த வீரர்களைப் பதுங்குகுழிக்கு அனுப்பிச் சாதாரணக் காலாட்படையாகச் செலவழித்தது.

இதை வைத்து "பாரா முடிந்தது" என்று சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். ஹோஸ்தோமெலில் ட்ரோன் வென்றதாகச் சொல்வதும் சரியில்லை. அங்கே வென்றது பழைய பீரங்கியும், ஓடிப்போகாமல் நின்ற காவலர்களும்தான். எனக்கு ட்ரோனைப் பற்றி வேறு பயம். டாங்கெயிலில் 700 பேரை 5,000 என்று நம்பவைக்க முடிந்தது, ஏனென்றால் மேலிருந்து எண்ணிப் பார்க்க யாருமில்லை. இன்று கையில் அடங்கும் ட்ரோன் ஒன்றை எறிந்தால் எத்தனை பேர், எந்தத் தோப்பில், எந்தப் பக்கம் துப்பாக்கியை வைத்திருக்கிறார்கள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். குழப்பம்தான் பாரா வீரரின் பழைய நண்பன். அந்த நண்பனை ட்ரோன் கொன்றுவிட்டது. கனரக ஆயுதம் இல்லாமல், மூன்று நாள் சாப்பாட்டோடு திறந்தவெளியில் இருக்கும் படைக்கு இது கெட்ட செய்தி. விமானத்தின் கதியோ அதற்கு முன்பே தெரிந்த ஒன்று. 2014 ஜூன் 14 அதிகாலை லுஹான்ஸ்க் விமானநிலையத்தில் இறங்கப்போன உக்ரைனின் இல்-76 ஒன்று சுடப்பட்டு, பாரா வீரர்கள் 40 பேரும் விமானப் பணியினர் 9 பேரும் ஒரே நொடியில் போனார்கள்.

நம்மிடம் எத்தனை விமானம் இருக்கிறது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? சி-17 மொத்தம் 11. பதினொன்றும் ஒரே நாளில் பறக்கும் நிலையில் இருந்து, வேறெந்த வேலையும் இல்லாமல் எல்லாவற்றையும் பாராவுக்கே கொடுத்தாலும் 1,122 பேர். பீரங்கியும் ஜீப்பும் ஏற்றினால் அதிலும் குறையும். சி-130, ஏ.என்.-32 எல்லாம் கைகொடுக்கும்தான், ஆனால் போர்க்காலத்தில் லடாக்குக்கு அரிசியும் குண்டும் சுமக்க அதே விமானங்கள்தான் வேண்டும். ஒரு முழுப் பிரிகேடை எதிரியின் தலைக்கு மேல் ஒரே தவணையில் இறக்குவது அணிவகுப்புப் பேச்சுக்கு நன்றாயிருக்கும். ஒரு பட்டாலியனை, எதிரி இல்லாத இடத்தில், தரைப்படை ஒரு நாளில் எட்டக்கூடிய தூரத்தில் இறக்குவது நடக்கிற காரியம். அந்த ஒன்றுக்கு உண்மையாகத் தயாராக இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

மலையில் பாரா வேண்டும் என்பார்கள். பாதி சரி. 2021 நவம்பரில் கிழக்கு லடாக்கில் 14,000 அடி உயரத்தில் பாரா வீரர்கள் குதித்துப் பயிற்சி செய்தார்கள். காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் பாராசூட் வேகமாக விழும், கணுக்காலுக்கு ஆபத்து. அதைவிடப் பெரிய சிக்கல் உடம்பு. சமவெளியிலிருந்து போகும் வீரரை அந்த உயரத்துக்குப் பழக்க நம் ராணுவம் பத்து நாள் ஒதுக்குகிறது. ஆக்ராவில் காலைச் சிற்றுண்டி முடித்தவரை மதியம் அங்கே இறக்கினால், எதிரி சுடாமலே படுத்துவிடுவார். அந்தப் பயிற்சியில் குதித்தவர்கள் முன்கூட்டியே மலைக்குப் பழகியவர்கள். அப்படியானால் படை ஏற்கெனவே மலையிலேயே காத்திருக்க வேண்டும், வேகம் என்ற ஆதாயத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

துப்பாக்கிக்கு வெளியேயும் பாராசூட்டுக்கு வேலை உண்டு. 2008-இல் சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்தில் சாலைகளெல்லாம் அறுந்துபோனபோது, 15 சீன பாரா வீரர்கள் சுமார் 5,000 மீட்டர் உயரத்திலிருந்து, கீழே வழிகாட்ட யாருமில்லாத மலைக்குள் குதித்து, உள்ளே என்ன நிலைமை என்று வெளியுலகுக்குச் சொன்னார்கள். பதினைந்தே பேர். எனக்கு அது ஒரு பிரிகேட் அணிவகுப்பைவிடப் பெரிய காரியமாகப் படுகிறது.

உங்களில் மருத்துவப் பிரிவுக்குப் போக நினைக்கும் தம்பிகள், தங்கைகள் இருந்தால் ஒரு பெயரை நினைவில் வையுங்கள்: டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ். முழுப்பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1941-இல் இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இருவரில் ஒருவர். பத்தாண்டு கழித்துக் கொரியப் போரில் 60-வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸின் தலைவர். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் பாரா படையோடு தன் சிறு குழுவைக் கூட்டிக்கொண்டு குதித்து, காயம்பட்டவர்களுக்கு அங்கேயே அறுவை செய்தார். மகாவீர் சக்ரா பெற்றார். அந்தக் குதிப்பையும் நம் அளவுகோலில் வைத்துப் பாருங்கள்: எதிரிப்படையின் பெரும்பகுதி முன்னதாகவே விலகிப்போயிருந்தது, டாங்கிகள் அன்று மாலையே வந்து சேர்ந்துவிட்டன.

இனி உங்கள் சொந்த விஷயம். தேர்வானால் பெங்களூருவிலுள்ள பாராசூட் ரெஜிமென்ட் பயிற்சி மையம், பிறகு ஆக்ராவில் ஐந்து குதிப்பு, அதில் ஒன்று இரவில். சட்டையில் சிறகு ஏறும். அதற்குப் பிறகு உங்கள் சர்வீஸ் முழுக்கப் போரில் ஒருமுறைகூடக் குதிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். ரெஜிமென்டின் பெரும்பாலான பட்டாலியன்கள் இன்று சிறப்புப் படை. டாங்கெயிலில் குதித்த 2 பாராவும் அப்படி மாறிவிட்டது. 1965-இல் 1 பாரா ஹாஜிபீர் கணவாயைப் பிடித்தது மழை இரவில் மலையேறி. 1999-இல் கார்கிலிலும் ஏறித்தான் போரிட்டார்கள். 2016-இல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிப் போன பாரா சிறப்புப் படையினரும் நடந்து போய் நடந்தே திரும்பினார்கள்.

பிறகு எதற்குக் குதிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்பீர்கள். திறந்த கதவுக்கு முன் நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் தயங்காமல் காலை வெளியே வைக்கிற ஆளை வேறு எந்தத் தேர்வாலும் கண்டுபிடிக்க முடியாது என்று ராணுவங்கள் நம்புகின்றன. நானும் நம்புகிறேன். ஆனால் அந்த ஆளைக் கண்டுபிடித்தபின், எதிரி காத்திருக்கும் இடத்தில் போய் இறக்குவது மடத்தனம். அதைத் தடுப்பது உங்கள் வேலை இல்லை, தளபதிகளின் வேலை. வருங்காலத்தில் உங்களில் யாராவது அந்த இடத்துக்கு வந்தால், வரைபடத்தின் முன்னால், நான் முதலில் சொன்ன இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் லாரியில் போகலாம்.

அதுவரை ஓட்டத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முதுகில் 20 கிலோ பையைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் குன்றில் ஏறி இறங்கிப் பழகுங்கள், முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாமல். செல்பேசி இல்லாமல் காகித வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்து போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இரவில் ஒருமுறை. சிதறி விழுந்த பிறகு தேவைப்படப்போவது அதுதான், ஆள்சேர்ப்புக்குத் தயார்செய்யும் பயிற்சி மையங்களில் இதற்கு வகுப்பு எடுப்பது அரிது.

அன்புடன்,
உங்கள் வாதத்தில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவன்